கொதித்த பிறகும் ஏன் பெரிய தீ?

கேள்வி: தண்ணீர் கொதித்த பிறகும் தீயைப் பெரிதாகவே வைத்தால் பருப்பு சீக்கிரம் வேகும் என்கிறார் என் மாமியார். சரியா?

பதில்: பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்: எரிவாயுதான் சீக்கிரம் தீரும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்து, அங்கேயே நின்றுவிடும். அதற்குமேல் கொடுக்கும் வெப்பமெல்லாம் நீர் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி ஆவியாக்கவே செலவாகிறது. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்க ஏறக்குறைய 420 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல்! தெர்மாமீட்டருக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பதால் இது உள்ளுறை வெப்பம். இட்லிப் பானையைத் திறக்கும்போது கை பொசுங்குவது இதனால்தான். தோலில் பட்டு நீராகும் ஆவி, அந்த வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. (பானைக்கு மேலே தெரியும் வெண்புகை நீராவி அல்ல, குளிர்ந்த நீர்த்துளிகள். நீராவி கண்ணுக்குத் தெரியாது.)

கேள்வி: ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, சோறு மட்டும் வேகவில்லையே?

பதில்: ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் வாங்குங்கள். உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, வெப்பநிலை 110 டிகிரியைத் தாண்டும்.

கேள்வி: மார்கழியில் உறைந்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய் என்று நம்பலாமா?

பதில்: கூடாது. அது 24 டிகிரி வாக்கில் உறையும், உண்மை. ஆனால் பாமாயில் கலந்திருந்தாலும் குளிரில் இறுகும்.

கேள்வி: கற்பூரம் டப்பாவிலேயே கரைந்துபோகிறது. மிளகு போட்டால் நிற்குமா?

பதில்: கரையவில்லை, உருகாமலே நேராக வாயுவாகிறது. பாடநூலில் பதங்கமாதல் என்று படித்திருப்பீர்கள். நான் மிளகைவிட இறுக்கமான மூடியையே நம்புவேன். அடைபட்ட டப்பாவில் கற்பூர ஆவி நிறைந்ததும் இழப்பு நின்றுவிடும்.

கேள்வி: சூடாக்கினால் திண்மம் திரவமாகும் என்கிறார்கள். முட்டை தலைகீழாக நடக்கிறதே!

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அது நிலைமாற்றமே அல்ல. சூட்டில் முட்டையின் புரத இழைகள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கி வலையாகின்றன. உருகிய நெய் ஆறினால் பழையபடி உறையும். அவித்த முட்டையை எத்தனை நாள் குளிரவைத்தாலும் பச்சை முட்டையாகாது.