கெர் கதையில் எதைச் சொல்வது?

அன்புள்ள அண்ணாவுக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஸ்டீவ் கெர் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் மாணவிகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்குகிறேன். அநேகமானோர் வலைப்பந்தாட்டத்திலிருந்து வந்தவர்கள். பந்து கைக்கு வந்ததும் நின்று, உடனே யாருக்காவது எறிந்துவிடுகிறார்கள்; தட்டிக்கொண்டு ஓட வருவதில்லை. நான் மாகாண மட்டத்தைத் தாண்டி விளையாடியவன் இல்லை. "சேர், நீங்கள் என்ன வென்றீர்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது பதில் வரவில்லை. நட்சத்திரமாக இல்லாத கெர் எப்படி இவ்வளவு பெரிய பயிற்றுநரானார்? அவர் தந்தையைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தவராம். அந்தக் கதையைச் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும் அல்லவா?

க., கிளிநொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

தந்தையின் கதையைச் சொல்ல வேண்டாம். மல்கம் கெர் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1984 ஜனவரியில் அலுவலகத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது 18 வயது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர். இரண்டு நாட்களில் ஆட்டத்தில் இறங்கினார். மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் உங்கள் மாணவிகளின் வீடுகளில் 2009 எத்தனை விதமாக இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரதம விருந்தினர் ஒவ்வொருவரும் சாம்பலிலிருந்து எழும் பறவையைக் காட்டிவிட்டுத்தான் போகிறார். மைதானத்திலாவது அவர்களை வெறும் விளையாட்டுப் பிள்ளைகளாக இருக்க விடுங்கள்.

நட்சத்திரமாக இல்லாதவர் என்பது பாதிதான் சரி. என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 1988 தெரிவில் 50ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 6 புள்ளிகள்தான் எடுத்தார். ஆனால் மூன்று புள்ளி எறிதல்களில் 45.4 வீதத்தைக் கூடைக்குள் போட்டவர்; என்.பி.ஏ. வரலாற்றில் அதைத் தாண்டியவர் இல்லை. சிக்காகோ அணியுடன் மூன்று, சான் அந்தோனியோ அணியுடன் இரண்டு என்று ஐந்து சாம்பியன் பட்டங்கள். அங்கே பயிற்றுநர் ஃபில் ஜாக்சன், இங்கே கிரெக் பொப்பொவிச். அந்த இருவரும் வேலை செய்வதை வாங்கில் இருந்தபடி பல ஆண்டுகள் பார்த்தார். வாங்கில் இருந்தவரெல்லாம் பயிற்றுநராவதில்லை. யாருக்குப் பின்னால் இருந்தோம் என்பதுதான் கணக்கு. வன்னியில் உங்களுக்கு முன்னால் நின்று பழக்கியிருக்க வேண்டியவர்களில் எத்தனையோ பேரின் விளையாடும் வயது இடம்பெயர்விலேயே கழிந்துபோனது. உங்கள் தடுமாற்றத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. அதை உங்கள் குறையாக எண்ண வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்கு "மாகாண மட்டம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். கெர் ஐந்து பட்டங்களை வைத்துக்கொண்டு அதிகாரம் செய்தவர் அல்லர். 2015 இறுதிச் சுற்றில் அவர் பயிற்றுவித்த கோல்டன் ஸ்டேட் அணி கிளீவ்லாந்திடம் ஆட்டக் கணக்கில் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, நிக் யுரென் என்ற 28 வயது உதவியாளர் ஒரு யோசனை சொன்னார்: உயரமான வீரர் போகட்டுக்குப் பதிலாக இகுவோடாலாவை இறக்கலாம். கெர் அப்படியே செய்தார். அடுத்த மூன்று ஆட்டங்களிலும் வெற்றி. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் இகுவோடாலாவுக்கே. யோசனை யாருடையது என்பதைப் பத்திரிகையாளர்களிடம் கெர் தானே சொன்னார். 2018 பெப்ரவரியில் ஃபீனிக்ஸ் அணிக்கு எதிராக வியூகம் வரையும் பலகையையே வீரர்களிடம் கொடுத்துவிட்டார். 46 புள்ளிகளால் வென்றார்கள். கேள்வி கேட்கும் பிள்ளை உங்களுக்கு வாய்த்திருக்கிறாள். அவள் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்து, பந்து எத்தனை தடவை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

ஏனென்றால் கெர் முதலில் கேட்டது அந்த எண்ணைத்தான். 2014இல் கோல்டன் ஸ்டேட்டைப் பொறுப்பெடுக்கும்வரை அவர் எந்த அணியையும் பயிற்றுவித்ததில்லை. முந்தைய பருவத்தில் என்.பி.ஏ.யிலேயே மிகக் குறைவாகப் பந்தைக் கைமாற்றிய அணி அது. நட்சத்திர வீரர் ஸ்டெஃப் கரி அப்போதும் அங்கேதான் இருந்தார். ஓர் ஆட்டத்துக்கு 300 தடவை பந்து கைமாற வேண்டும் என்று கெர் இலக்கு வைத்தார். அந்தப் பருவத்திலேயே சாம்பியன். பிறகு 2017, 2018, 2022.

இப்போது உங்கள் மாணவிகளைப் பாருங்கள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. மூன்று செக்கனுக்குள் கையை விட்டுப் போக வேண்டும். பந்து வருவதற்கு முன்பே அடுத்தவள் எங்கே நிற்கிறாள் என்று தேடுவது அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம். கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்களிடம் கெர் கேட்டு வாங்கியதை நீங்கள் குறை என்று எழுதியிருக்கிறீர்கள்! எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

வெயில் தணிந்த பிறகு, முதல் அரைமணி நேரம் தட்டாமலேயே ஆடவிடுங்கள். ஊன்றிய காலைப் பெயர்க்காமல் திரும்புவதும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தட்டுவதை ஒவ்வொருத்தியும் வீட்டு முற்றத்தில் தனியே பழகிக்கொள்ளலாம், இடது கையாலும். அவசரமாகத் திருத்த வேண்டியது ஒன்றுதான்: அந்த மூன்று செக்கன் பதற்றம். கூடைப்பந்தில் எதிராளி நெருங்கி மறித்தால்கூட ஐந்து செக்கன் உண்டு. பந்தை வைத்துக்கொண்டு ஒருமுறை கூடையையும் பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள்.