பறவை குறைந்தது இரைச்சலாலா, சாலையாலா?

கேள்வி: வனவிலங்கு உயிரியலில் முதுகலை முடித்து இப்போதுதான் ஆய்வு தொடங்குகிறேன். நெடுஞ்சாலை இரைச்சல் காட்டுப் பறவைகளைப் பாதிக்கிறதா என்று பார்க்க, சாலையோரம் ஓரிடம், காட்டுக்குள் ஓரிடம் வைத்து, செல்போன் செயலியில் டெசிபல் அளந்து, பறவைகளை எண்ணினால் போதுமா?

பதில்: போதாது. சாலை வந்தாலே மரம் விழுகிறது, உண்ணிச்செடி மண்டுகிறது. வெளிச்சம், குப்பை, அதைத் தேடி வரும் காகம், குரங்கு எல்லாம் கூடவே வருகின்றன. பறவை குறைந்ததற்கு இவற்றில் எது காரணம் என்று உங்கள் இரண்டு இடங்கள் சொல்லாது.

இதைப் பிரித்துக் காட்டியது அமெரிக்காவின் பாய்சி மாநிலப் பல்கலைக்கழகக் குழு. 2012-ல் ஐடஹோவில், சாலையே இல்லாத மலைமுகட்டில் அரை கிலோமீட்டருக்கு ஒலிபெருக்கிகளைக் கட்டி வாகனச் சத்தத்தை மட்டும் ஓடவிட்டார்கள். நான்கு நாள் சத்தம், நான்கு நாள் அமைதி. சத்த நாட்களில் பறவைகள் கால் பங்குக்கு மேல் குறைந்தன.

நியூ மெக்சிகோவில் இன்னொரு குழு, கம்ப்ரசர் (வாயுவை அழுத்தி அனுப்பும் இரைச்சலான இயந்திரம்) ஓடும் எரிவாயுக் கிணறுகளையும் கம்ப்ரசர் இல்லாத கிணறுகளையும் ஒப்பிட்டது. எண்ணும் நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்திவைத்தார்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். காட்டில் நாம் பறவைகளைப் பெரும்பாலும் காதால்தான் எண்ணுகிறோம். லாரி போகும்போது குக்குறுவான் கத்தினாலும் நமக்குக் கேட்காது; தாளில் ‘இல்லை’ என்று விழும். ஆகவே வண்டி இல்லாத இடைவெளியில், 50 மீட்டருக்குள் இருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். இடங்களும் பல வேண்டும்.

காப்பகத்துக்குள் ஒலிபெருக்கி வைக்க வனத்துறை அனுமதி எளிதில் கிடைக்காது. கவலை வேண்டாம், கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அங்கே நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துத் தடை. விதிவிலக்காகச் சில பேருந்துகளும் ஆம்புலன்ஸும் மட்டும் போகும். சோதனைச்சாவடி திறக்கும் 6 மணிக்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் பதிவு செய்யுங்கள். பொழுது விடியும்போது பறவைகளின் பாட்டு தானாகவும் மாறும் என்பதால், அதே நிமிடங்களில் சாலைச் சத்தம் எட்டாத உட்காட்டிலும் ஒரு கருவி ஓடட்டும். இன்னொரு வசதி: ஜூன் தொடக்கத்தில் சூரியன் சுமார் 6 மணிக்கு உதிக்கிறது, ஜனவரி கடைசியில் 6.45-ஐத் தாண்டுகிறது. சாவடி நேரமோ மாறுவதில்லை. விடியலின் விளைவையும் வண்டியின் விளைவையும் பிரிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை.

செல்போன் செயலியை விடுங்கள். பல போன்களில் மைக் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். உங்கள் கல்வித் துறையில் இருந்தால் இரண்டாம் வகுப்புத் துல்லியம் (Class 2) கொண்ட ஒலிமானியை இரவல் வாங்குங்கள். பதிவுக்கு ஆடியோமாத் என்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவி போதும், விலையும் குறைவு. ஆனால் அது காட்டும் அளவை ஒலிமானியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாமல் டெசிபலாக எழுதாதீர்கள். டெசிபல்-ஏ மனிதக் காதுக்கு ஏற்ற அளவு. பறவைக்கு ஓரளவு ஒத்துவரும், பின்னால் வௌவாலுக்கோ யானைக்கோ போனால் உதவாது. மூலப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருங்கள்.