தம்பிக்கு ஒரு வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு 36 வயது. 19 வயதில் மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்தார்கள். இதுவரை நான்கு முறை மருத்துவமனையில் இருந்திருக்கிறான். நான்குமே மருந்தை நிறுத்தியதால் வந்தவை. மருந்து எடுக்கும் மாதங்களில் அமைதியாக இருப்பான், ஆனால் அறையை விட்டு வெளியே வரமாட்டான். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. மாத்திரை போட்டாயா, குளித்தாயா, ஏன் இன்னும் எழவில்லை என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. "எங்களுக்குப் பிறகு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நான் இருக்கிறேன் என்கிறேன். எப்படி இருக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உறவினர்கள் ஏதாவதொரு காப்பகத்தில் நிரந்தரமாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆதரவுப் பணியாளர்களின் துணையோடு தனி வீட்டில் வாழவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு என்று படித்தேன். மருத்துவரிடம் கேட்டேன். "முதலில் நன்றாகக் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார். 17 வருடமாக அந்தப் பிறகு வரவில்லை. தனியாக விட்டால் மருந்தை நிறுத்திவிட மாட்டானா? அவனை வெளியே அனுப்புவது கைவிடுவதுதானே?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

மருத்துவர் சொன்ன வரிசையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் குடும்பத்தின் 17 வருடங்கள் அதற்குள்தான் சிக்கிக் கிடக்கின்றன. முதலில் குணம், பிறகு வீடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மனநலத் துறையும் பல இடங்களில் நெடுங்காலம் இப்படியே இயங்கியது. மருத்துவமனையிலிருந்து இடைநிலை விடுதி, அங்கே ஒழுங்காக நடந்துகொண்டால் குழு வீடு, அதிலும் தேறினால் கடைசியில் சொந்தமாக ஒரு வாடகை வீடு. நடுவில் நோய் முற்றினால் மறுபடி முதல் படி. இந்த ஏற்பாட்டில் ஒரு கொடுமை உண்டு. ஒருவர் தேறத் தேற அவரை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழகிய பணியாளர் போய்விடுவார், பக்கத்து அறை நண்பர் போய்விடுவார், நடந்து பழகிய தெரு போய்விடும். புதிய இடத்தில் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் நோய் எட்டிப் பார்க்கும். உடனே, இவருக்குத் தனியாக வாழும் திறன் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

1992ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். தெருவில் வாழ்ந்துகொண்டிருந்த, கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு நேரடியாகவே வாடகை வீடு கொடுத்தார். மருந்து சாப்பிட்டால்தான் வீடு, குடியை நிறுத்தினால்தான் வீடு என்ற நிபந்தனைகள் கிடையாது. வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகைக்குத் தர வேண்டும், பணியாளர் வந்து பார்ப்பதற்குச் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னர் கனடாவின் மனநல ஆணையம் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு உடனடி வீடும் ஆதரவும், மற்றவர்களுக்கு வழக்கமான சேவைகள். ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில் முதல் பிரிவில் 62 சதவீதத்தினர் முழு நேரமும் வீட்டில் நிலைத்திருந்தார்கள். மற்ற பிரிவில் 31 சதவீதத்தினர்.

அந்த ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. நோயின் அறிகுறிகள் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. வீடு காதில் கேட்கும் குரல்களை நிறுத்திவிடவில்லை. முதல் பிரிவிலும் 16 சதவீதத்தினருக்கு அந்தக் கடைசி மாதங்களில் நிலையான வீடு அமையவே இல்லை. உங்கள் தம்பி தெருவில் வாழ்ந்தவரும் அல்ல. ஆனாலும் இதில் உங்களுக்கான செய்தி இருக்கிறது என்று நினைக்கிறேன். அறிகுறிகள் இருக்கும்போதே ஒருவரால் ஒரு வீட்டை வைத்துக்கொள்ள முடிகிறது. குணமாவதற்காக வீட்டைக் காக்க வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கைவிடுவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஆறுதல் வார்த்தையைவிட ஒரு பழைய ஆய்வு உதவும். பிரிட்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவரது குழுவினரும் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய ஆண் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1958ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, உடன்பிறந்தவர்களிடமோ வாடகை அறைகளிலோ தங்கியவர்கள் குறைவாகவே மருத்துவமனைக்குத் திரும்பினார்கள். பிந்தைய ஆய்வுகள் காரணத்தை இன்னும் நெருங்கின. குறைகூறலும் பதற்றமான அதீத அக்கறையும் நிறைந்த வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருக்க நேர்ந்தவர்களுக்கு நோய் மிக எளிதாகத் திரும்பியது.

இதைப் படித்துவிட்டு அம்மாவையோ அப்பாவையோ குற்றவாளியாக்கிவிடாதீர்கள். நோயை அவர்கள் உண்டாக்கவில்லை, இந்த ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. 17 வருடம் ஓய்வில்லாமல் ஒருவரைக் காவல் காத்தால் எந்த அன்பும் விசாரணையாக மாறிவிடும். மாத்திரை போட்டாயா என்று கேட்கும் அம்மாவின் குரலில் அடுத்த மருத்துவமனை நாளைப் பற்றிய பயம் இருக்கிறது. அதைக் கேட்கும் மகனுக்கோ அது இன்னொரு குற்றச்சாட்டு. நோயைப் பற்றிக் குடும்பத்துக்கு முறையாகக் கற்றுத்தரும் அமர்வுகள் நோய் திரும்புவதைக் கணிசமாகக் குறைக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் மூன்று பேருக்கும் தேவைப்படுவது கொஞ்சம் தூரமும்தான். பக்கத்துத் தெருவில் குடியிருந்து, வாரத்தில் சில நாள் வந்துபோகும் மகனோடு உங்கள் பெற்றோர் வேறு விஷயங்களைப் பேசத் தொடங்கலாம்.

இனி மருந்து. நிறுத்திவிட மாட்டானா என்றால், நிறுத்தக்கூடும். இப்போதும் நிறுத்தியிருக்கிறார், பெற்றோர் இருவரும் கண்ணெதிரே இருக்கும்போதே. ஆகவே காவல் இதற்குப் பதிலாக இருக்கவில்லை. அவர் ஏன் நிறுத்துகிறார் என்று யாராவது பொறுமையாகக் கேட்டிருக்கிறார்களா? எடை கூடுகிறது, பகலெல்லாம் தூங்கி வழிகிறது, பாலுறவு உணர்வு மங்கிப்போகிறது என்பவை நோயாளிகள் வெட்கத்தால் சொல்லாமல் விடும் காரணங்கள். மருந்தை மாற்றலாம், அளவை மாற்றலாம். தினமும் மாத்திரை நினைவில் நிற்காதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி பல மருந்துகளில் உண்டு. மற்ற மருந்துகள் பலன் தராதபோது கொடுக்கும் க்ளோசபின் எடுப்பவர் என்றால் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் கூட்டிப்போக ஆள் வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் லித்தியம் எடுப்பவருக்கு உடலில் நீர் வற்றினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஆபத்தாக ஏறும் என்று தெரிந்த ஒருவர் அருகில் வேண்டும். ஆதரவுப் பணியாளர் என்றால் இதையெல்லாம் அறிந்து, வாரத்தில் சில முறை வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறவர்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு முன்மாதிரி அமெரிக்காவின் மாடிசன் நகரில் 1970களில் உருவானது. லெனார்ட் ஸ்டெய்ன், மேரி ஆன் டெஸ்ட் இருவரும் மருத்துவமனை வார்டின் ஊழியர்களையே ஊருக்குள் அனுப்பினார்கள். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லாம் ஒரே குழு. இன்று இந்த வகைக் குழுக்களில் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்பது வழக்கமான கணக்கு. துணி துவைப்பது, வங்கிப் படிவம் நிரப்புவது, வீட்டுக்காரரோடு வந்த சண்டையைத் தீர்ப்பது, நள்ளிரவு தொலைபேசி, எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவமனை நாட்கள் வெகுவாகக் குறைந்தன. 14 மாதத்தில் திட்டத்தை நிறுத்தியதும் கிடைத்த பலன்களில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. எனக்கு இந்தக் கடைசித் தகவல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். "ஆறு மாதம் உதவுகிறோம், பிறகு அவர் சொந்தக் காலில் நிற்க வேண்டும்" என்று சொல்லும் இடங்களை நம்ப வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் ஆறு மாதம் கழித்து யாரும் நாற்காலியைத் திருப்பிக் கேட்பதில்லை.

நீங்கள் போய்ப் பார்க்கும் இடத்தில் சுவரின் வண்ணத்தையும் தோட்டத்தையும் காட்டுவார்கள். நீங்கள் சாவியைப் பற்றிக் கேளுங்கள். அறைச் சாவி அவர் கையில் இருக்குமா, கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்ள முடியுமா? வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? மூன்று வாரம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால் அந்த அறை அவருக்காகக் காத்திருக்குமா, அல்லது வேறு ஒருவருக்குப் போய்விடுமா? ஒரு வாரம் மருந்தை மறுத்தால் இடமும் பறிபோகுமா? வீட்டைத் தருகிறவரும் சிகிச்சை தருகிறவரும் ஒருவராகவே இருந்தால் இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் அவசியம், ஏனென்றால் அங்கே மருத்துவரோடு வரும் கருத்து வேறுபாடு கூரையையே பறித்துவிடலாம். அவருடைய பணத்தை யார் வைத்திருக்கிறார்கள், நண்பர் வந்து தங்கலாமா, இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுப்பது யார் என்று கேளுங்கள். இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் ஃபிராங்கோ பசாலியா தொடங்கிவைத்த சீர்திருத்தத்தால் பெரிய மனநல மருத்துவமனை மூடப்பட்டபோது, அதன் இடத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் மனநல மையங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் சில படுக்கைகள். மோசமான இரவில் ஒருவர் நடந்தே போய்ப் படுத்துக்கொண்டு, தெளிந்ததும் தன் வீட்டுக்குத் திரும்பலாம். அமெரிக்காவில் 1955ல் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் மருத்துவமனைகள் காலியாகின, ஆனால் போதுமான வீடுகளோ இரவில் கதவைத் திறக்கும் ஆட்களோ ஏற்பாடாகவில்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே வாழ்வது சரிப்படாது என்று வாதிடுகிறவர்கள் இந்த வரலாற்றைத்தான் சுட்டுவார்கள். அது வீடு கொடுக்காததன் விளைவு.

தனி வீட்டில் நான் அஞ்சுவது தனிமையைத்தான். நான்கு சுவருக்குள் நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பதற்கு அம்மாவின் வீடு என்ன, தன் வீடு என்ன? அதனால் எல்லோருக்கும் தனி வீடே சரி என்று சொல்ல மாட்டேன். நான்கைந்து பேர் சாதாரணத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, உதவியாளர் ஒருவரோடு குடும்பம் போல வாழும் முறையைத் தி பேனியன் என்ற சென்னை மனநலத் தொண்டு அமைப்பு 2015லிருந்து நடத்துகிறது. பெல்ஜியத்தின் கீல் நகரில் மனநோய் உள்ளவர்களைக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் தங்கவைத்துக்கொள்ளும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. 1930களின் இறுதியில் அப்படி 3,700 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். யாரோடு வாழ்கிறோம் என்பதைத் தானே தேர்ந்தெடுப்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் தம்பியும் அதில் சேர்த்திதான்.

பகல் பொழுதுக்கும் வழி வேண்டும். நியூயார்க்கில் மருத்துவமனையிலிருந்து வந்த நோயாளிகள் தாங்களாகவே கூடிய ஒரு குழுவிலிருந்து 1948ல் ஃபவுண்டன் ஹவுஸ் உருவானது. அங்கே வருகிறவர் நோயாளி அல்ல, உறுப்பினர். சமையல், கணக்கு, தொலைபேசி எல்லாம் உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்தே செய்வது. நீ வராவிட்டால் இன்று இந்த வேலை நிற்கும் என்று ஒருவரிடம் சொல்ல ஓர் இடம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! இதே மாதிரியைப் பின்பற்றும் மன்றங்கள் பின்னர் பல நாடுகளில் வந்தன. வேலையிலும் வருடக்கணக்கான முன்பயிற்சியைவிட, நேரடியாக உண்மையான வேலையில் சேர்த்து அங்கேயே துணை நிற்கும் முறைதான் ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. உடல்நலத்தையும் விட்டுவிடக் கூடாது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள், பெரும்பாலும் தடுக்கக்கூடிய உடல் நோய்களால். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை மூன்றையும் கவனிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

17 வருடம் ஆயிற்று, இனி என்ன மாறும் என்று தோன்றினால் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையின் பின்கட்டு வார்டுகளில் நம்பிக்கையற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த 269 பேரை 1950களில் மறுவாழ்வு ஏற்பாடுகளோடு வெளியே அனுப்பினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து கோர்ட்னி ஹார்டிங் தலைமையிலான குழு அவர்களைத் தேடிப் பார்த்து 1987ல் எழுதியது: பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரை குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள் அல்லது முழுமையாக மீண்டிருந்தார்கள்.

அப்பா அம்மா இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள், இதை மட்டும் வற்புறுத்துவேன். அவர்கள் போன பிறகு மாற்றினால் உங்கள் தம்பி பெற்றோரையும் வீட்டையும் ஒரே வாரத்தில் இழப்பார். இப்போது என்றால் முதலில் இரண்டு இரவு, பிறகு ஒரு வாரம் என்று பழகலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். நோய் தணிந்திருக்கும் நாட்களில் அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நோய் திரும்புவதற்கு முன் அவருக்கு முதலில் என்ன மாறுகிறது, தூக்கமா, பேச்சா? அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருத்துவமனை வேண்டாம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கையெழுத்தோடு ஒரு படி உங்களிடம், ஒரு படி பணியாளரிடம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மருத்துவர் சொன்னது இருக்கிறது, உறவினர் சொன்னது இருக்கிறது, அம்மா கேட்டது இருக்கிறது. தம்பி சொன்னது ஒரு வரிகூட இல்லை. எங்கே வாழ விரும்புகிறாய் என்று அவரிடம் கேளுங்கள். முதல் முறை பதில் வராமல் போகலாம், "தெரியாது" என்று திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள், ஓர் இடத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அங்கிருந்து யோசிப்போம்.

அன்புடன்