சீப்பு யார் கையில்?

அன்புள்ள அண்ணாச்சி,

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலில் இருந்து எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு வருடமாகப் பூனை கேட்கிறாள். அதுவும் பெர்சியன்தான் வேண்டுமாம். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் போய்ப் பார்த்தோம். ‘செமி பஞ்ச், ஒரிஜினல்’ என்று ஒரு வெள்ளைக் குட்டியைக் காட்டி 18,000 ரூபாய் சொன்னார்கள். 50 நாள் குட்டி. கூட வேலை பார்ப்பவர் மெய்ன் கூன் வாங்கச் சொல்கிறார். மச்சினன் சயாமீஸ் போதும் என்கிறான். நம் ஊருக்கு எது சரிப்படும்? ஏசி இல்லாமல் வளர்க்க முடியாதா? அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு, பூனைமுடி ஆகாது என்று பயமுறுத்துகிறார்கள். வீட்டில் தினமும் சாளை வாங்குவோம், சோறும் மீனும் போட்டால் போதும்தானே? வெள்ளைப் பூனை வீட்டுக்கு ஐசுவரியம் என்றும் ஒருவர் சொன்னார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

‘ஒரிஜினல்’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்தது. தேனுக்கும் பட்டுச்சேலைக்கும் சொல்வதை இப்போது பூனைக்கும் சொல்கிறார்கள்.

பூனையில் இனம் என்றால் ஒரு தாள். அப்பன், அம்மை, தாத்தா, பாட்டி என்று மூன்று நான்கு தலைமுறையின் பெயரும் பதிவு எண்ணும் அதில் இருக்கும். அந்தத் தாள் கடைக்காரரிடம் இருந்ததா? கேட்டிருக்க மாட்டீர்கள். தாள் இல்லாதபோது அவர் விற்பது நீளமான முடி, அவ்வளவுதான். நீளமுடி என்பது அப்பன் பக்கமிருந்தும் அம்மை பக்கமிருந்தும் சேர்ந்து வந்தால் மட்டுமே வெளியே தெரியும் பண்பு. குட்டைமுடிப் பூனைகள் இரண்டு அதை உள்ளே ஒளித்து வைத்திருந்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி சடைசடையாகப் பிறந்துவிடும். சயாமீசின் கறுத்த மூஞ்சியும் இதே கணக்குத்தான். ‘டால் ஃபேஸ்’, ‘செமி பஞ்ச்’, ‘பஞ்ச்’ என்பதெல்லாம் மூக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதற்கான விலைப்பட்டியல். இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. முடியையும் மூக்கையும்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

மூக்கை முதலில் முடித்துவிடுவோம். குட்டியின் முகத்தை நேருக்கு நேர் பாருங்கள். மூக்குத்தோலின் மேல்விளிம்பு கண்ணின் கீழ்விளிம்பைத் தாண்டி மேலே ஏறியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிரிட்டனில் பூனைகளைப் பதிவு செய்யும் அமைப்பின் விதியே அந்த முகத்தைக் குறையாகத்தான் வைத்திருக்கிறது. நாசித்துளை கீறல்போல ஒட்டியிருக்கக் கூடாது. மூக்கு உள்ளே போகும்போது கண்ணீர்க்குழாயும் வளைந்துபோகிறது. கண்ணீர் மூக்குக்குள் இறங்காமல் கன்னத்தில் வழிந்து, துருப்பிடித்த நிறத்தில் கறை படியும், அடியில் தோல் புண்ணாகும். காலையும் மாலையும் கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்குப் போட்ட பஞ்சை மறு கண்ணில் வைக்கக் கூடாது.

இப்போது உங்கள் ஏசி. பூனைக்கு உள்ளங்காலில் தவிர வேறெங்கும் சொல்லும்படி வியர்க்காது. உடம்பை நக்கி, அந்த எச்சில் காய்வதில்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எடவப்பாதி மழையில் கொடியில் போட்ட துணி மூன்று நாள் காயாத ஊர் நம்முடையது. எச்சில் மட்டும் காய்ந்துவிடுமா? மிஞ்சினால் வாயைத் திறந்து மூச்சு வாங்கத்தான் வேண்டும். நாய் நாக்கைத் தொங்கப்போடுவது சாதாரணம், பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய சமாச்சாரம். தட்டை மூக்குக்கு அந்த வழியும் குறுகல். ஆகவே ஏசி கட்டாயமில்லை, ஆனால் காற்றோட்டமும் தரையில் டைல்ஸும் கட்டாயம். கான்கிரீட் மாடியறையில் அடைக்காதீர்கள். கரண்டு போகிற மத்தியானத்தில் ஈரத்துணியால் காதையும் உள்ளங்காலையும் வயிற்றையும் துடைத்துவிட வேண்டும். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வளர்ந்த பூனைக்கு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி முடி. நான் சொல்ல வந்ததே இதுதான்.

பெர்சியனின் முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமாக, கொஞ்சம் முரடாக ஒன்று. அடியில் பஞ்சுபோல ஒன்று. உதிர்கிற அடிமுடி கீழே விழாது, மேல்முடியில் மாட்டிக்கொண்டு திரிதிரியாகத் திரண்டுவிடும். முதலில் அக்குளில், பிறகு காதுக்குப் பின்னால், வயிற்றில், பின்தொடையின் உட்புறத்தில். ஒரு வாரம் விட்டால் கோலிக்குண்டு, மூன்று வாரம் விட்டால் கம்பளித் துண்டு. திரண்ட முடி ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் தோலை இழுக்கும். ‘பெர்சியன் கோபக்காரப் பூனை, தூக்கவே விடாது’ என்று சொல்கிறவர்கள் வீட்டுப் பூனையின் அக்குளில் விரலை விட்டுப் பார்த்தால் காரணம் தட்டுப்படும்.

எல்லோரும் முதுகைச் சீவுகிறார்கள். முதுகு பட்டாகப் பளபளக்கும், அடியில் கம்பளி கட்டியிருக்கும். வாங்க வேண்டியது ஸ்டீல் சீப்பு, பாதிப் பல் அகலமாகவும் பாதிப் பல் நெருக்கமாகவும் இருப்பது. வளைந்த கம்பிப்பல் வைத்த பிரஷ் இரண்டாவதுதான். அதை அழுத்தித் தேய்த்தால் தோல் சிராய்க்கும். பூனையை மடியில் மல்லாத்தி, ஒரு கையால் முடியை விலக்கித் தோல் தெரிய வகிடு எடுங்கள். அகலப்பல்லை வேரில் வைத்து நுனிவரை கொண்டுபோங்கள். ஒரு விரல் அகலம் முடிந்ததும் அடுத்த வகிடு. சிக்கு வந்தால் வேர்ப்பக்கம் முடியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து எடுக்க வேண்டும், அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. இறுகிய சிக்கில் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் தூவி விரலால் பிரித்துப் பார்க்கலாம். கடைசியில் நெருக்கப்பல் தங்குதடையில்லாமல் தோலிலிருந்து நுனிவரை போக வேண்டும். போகாவிட்டால் இன்றைக்கு நீங்கள் சீவவில்லை என்று அர்த்தம். தினமும் 10 முதல் 15 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சீவிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை ரத்தம்தான் வரும், உங்கள் கையில்.

கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது. பூனைத்தோல் மெலிசு. சிக்கைப் பிடித்துத் தூக்கும்போது தோலும் கூடாரம்போல எழுந்து முடிக்குள் வந்துவிடும். முடியை வெட்டுகிறோம் என்று வெட்டுவது தோலை. டாக்டரிடம் கொண்டுபோனால் மெஷின் போட்டு எடுப்பார். இன்னொன்று: சிக்கை எடுக்காமல் குளிப்பாட்டக் கூடாது. நனைந்த சிக்கு காயும்போது இன்னும் இறுகும். குளிப்பாட்டினால் வெதுவெதுப்பான நீர், பூனைக்கென்று உள்ள ஷாம்பு, பிறகு சூடு குறைத்த டிரையரில் அடிமுடி உலரும்வரை ஊத வேண்டும். துவட்டிவிட்டு வெயிலில் விட்டேன் என்பது ஆனி ஆடியில் நம் பக்கம் நடக்கிற காரியமா?

அடிமுடி ஈரமாக இருந்தால் படர்தாமரைக்கு வசதி. பெர்சியனுக்கு அது சட்டென்று பிடிக்கும். காதோரம், மூக்கின்மேல், காலடியில் வட்டமாக முடி கொட்டிச் செதில் நிற்கும். சில பூனைகளில் ஒன்றுமே தெரியாது, மகளின் கையில் வட்டம் வந்தபிறகுதான் தெரியும். உதிர்ந்த முடியில் பூஞ்சை விதை ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மெடிக்கலில் தானாகக் கலப்பு ஆயின்மென்ட் வாங்கித் தேய்க்காதீர்கள். பலதில் ஸ்டீராய்டு உண்டு. அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். டாக்டர் பூஞ்சைக்கு இட்ரகோனசோல் மருந்து எழுதினால் வாரம் விட்டு வாரம் என்று பல வாரம் போகும். கூடவே மருந்துக் குளியல், மெத்தைவிரிப்பு தனிச் சலவை. வட்டம் மறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துகிற வீட்டில் அது திரும்ப வரும்.

இப்போது கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் மகள் இருக்கிறாள், அம்மா இருக்கிறார், மச்சினனும் ஆபீஸ் நண்பரும் இருக்கிறார்கள். மனைவியைப் பற்றி ஒரு வரி இல்லை. மகள் இரண்டு வருடத்தில் பிளஸ் ஒன், நான்கு வருடத்தில் ஏதாவது ஒரு ஊரில் காலேஜ் ஹாஸ்டல். பூனை 12, 15 வருடம் இருக்கும். சீப்பு யார் கையில் வந்து சேரும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலை ஆறரைக்கு அடுப்பில் சோறும் பஸ்ஸுக்குப் பிள்ளையுமாக நிற்கிறவரிடம் அந்த 15 நிமிடம் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரிடம் கேளுங்கள். அவர் முடியாது என்றால் பெர்சியன் கிடையாது. அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷின் போட்டு ஒட்ட வெட்டிவிடுவதற்குச் சம்மதித்து வாங்குங்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, பூனைக்கும் சுகம். மகள்தான் போட்டோ நன்றாக வராது என்பாள்.

மற்றவை. மெய்ன் கூன் வேண்டாம். அமெரிக்காவின் பனிக்குளிருக்கு வளர்ந்த முடி அது, ஆண் 7, 8 கிலோ வரும், அந்த இனத்தில் இதயத்தசை தடிக்கும் நோயும் உண்டு. மடிந்த காதுள்ள ஸ்காட்டிஷ் ஃபோல்டை யாராவது காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். காதை மடக்குகிற அந்தக் குருத்தெலும்புக் கோளாறு கால்மூட்டையும் விடாது. மச்சினன் சொன்ன சயாமீஸ் சரிதான், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பூர்வீகமே தாய்லாந்து. குட்டை முடி, வாரம் ஒருநாள் தேய்த்தால் போதும். ஆனால் வாய் ஓயாது, தனியாக விட்டால் தெருவுக்கே கேட்கும். ‘நிறம் வெளுத்திருக்கிறதே, கலப்படமா’ என்று சந்தேகப்படாதீர்கள். அதன் கறுப்பு உடம்பின் குளிர்ந்த இடங்களில் மட்டும் ஏறுவது. அதனால்தான் காது, மூக்கு, கால், வால். உஷ்ணமான ஊரில் நிறம் இளசாகத்தான் நிற்கும்.

அம்மாவின் இழுப்புக்குக் காரணம் முடியாக இருக்காது. பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் உள்ள ஒரு புரதம்தான் ஆகாதது. அது எல்லா இனத்திலும் உண்டு. பூனை இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் அம்மாவை நாலைந்து தடவை ஒரு மணிநேரம் உட்காரவைத்துப் பாருங்கள், டாக்டரிடமும் கேளுங்கள்.

வெள்ளையில் ஐசுவரியம் எனக்குத் தெரியாது. இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் பாதிக்கு மேல் செவிடு. குட்டிக்குப் பின்னால் நின்று, காற்று படாமல் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். நம் வெயிலில் வெள்ளைக்காது வெந்து, வயதானபின் அங்கே புற்று வரலாம்.

சாளை. வாரத்துக்கு இரண்டு நாள், வேகவைத்து, முள் எடுத்து. தினமும் கூடாது. பச்சை மீனில் சிலவற்றில் தயமின் என்ற வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு, நாளானால் பூனை தலை தொங்கித் தள்ளாடும். எண்ணெய் மீனையே தின்றுகொண்டிருந்தால் உடம்புக் கொழுப்பு மஞ்சளாகி வீங்கி, தொட்டால் அலறும். சோற்றில் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து கிடையாது. நாட்டுப்பூனை சோறு தின்று வாழ்கிறதே என்பீர்கள். அது எலியும் ஓணானும் பிடித்து ஈடுகட்டுகிறது, நீங்கள் வாங்குவது வாசல் தாண்டாது. 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிராம் உலர்தீனி போதும். பெரிய மூட்டையாக வாங்கினால் நம் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். சின்ன பாக்கெட் வாங்கி மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். முற்றத்தில் முளைக்கிற குப்பைமேனி வேரை ஒரு துண்டு போட்டால் தரையில் புரண்டு விளையாடும், பூனைவணங்கி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! விளையாடி முடித்ததும் எடுத்துவிடுங்கள். பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரை கொன்றுவிடும்.

50 நாள் குட்டியை வாங்க வேண்டாம். தடுப்பூசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்கும், 12 வாரம் தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் இருந்தால்தான் கடிக்காமல் விளையாடப் பழகும். ஊசி போட்டாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது, மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் டாக்டரின் முத்திரையும் உள்ள புத்தகம் வேண்டும். பெர்சியனில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி பரம்பரையாக வரும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் குட்டிகளில் பாதிக்கு இறங்கும். குட்டிக்குப் பத்து மாதம் ஆனபிறகு ஸ்கேனில் தெரியும். பக்கத்தில் வசதி இல்லாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிவரை போக வேண்டியிருக்கும்.

மார்த்தாண்டத்துக்கு மறுபடி போகும்போது பணத்தை வீட்டில் வைத்துவிட்டுச் சட்டைப்பையில் ஒரு ஸ்டீல் சீப்பை மட்டும் எடுத்துப்போங்கள். குட்டியை விடுங்கள், தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அதன் அக்குளில் நெருக்கப்பல்லை வைத்து ஒரு இழுப்பு. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தக் கடைக்காரரிடம் மேற்கொண்டு பேசலாம். மாட்டிக்கொண்டால், அல்லது தாய் இங்கே இல்லை என்றால், அடுத்த கருங்கல் பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.