எலக்ட்ரான் கற்றை மூலத்தில் கெட்டால், வழியில் திருத்த முடியாதா?

கேள்வி இதுதான்: எலக்ட்ரான்களை வேகப்படுத்தும் முடுக்கி நெடுக எத்தனையோ காந்தங்கள் இருக்கின்றனவே, எலக்ட்ரான் கற்றை கொஞ்சம் மோசமாகக் கிளம்பினாலும் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம் அல்லவா?

எலக்ட்ரான்கள் நேராக ஒரே ஒருமுறை ஓடிக் கடக்கும் நேர் முடுக்கியில் முடியாது. முதல் கோணல் முற்றும் கோணல்தான். அவை சுற்றிச் சுற்றி ஓடும் சேமிப்பு வளையம் வேறு கதை. அங்கே எலக்ட்ரான்கள் ஒளியை உமிழ்ந்து உமிழ்ந்து தாமாக அடங்கும்.

நான் இதைக் கண்ணால் பார்த்தது ஒரு சிறிய ஆய்வகத்தில். ஒளிர்திரையில் கற்றை வட்டமாக விழாமல் பிறை மாதிரி விழுந்தது. கற்றையைக் குவிக்கும் கம்பிச்சுருள் காந்தமான சோலினாய்டில் மின்னோட்டத்தைக் கூட்டினோம். பிறை சுழன்றது, பிறையாகவே இருந்தது. இரண்டு நாள் காந்தங்களோடு போராடிய பிறகுதான் தெரிந்தது: லேசர் பட்டு எலக்ட்ரான்களைக் கக்கும் உலோகப் பரப்பான கேத்தோடுக்கு வரும் லேசரின் ஓரத்தை ஒரு கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தது. திருகாணியைச் சற்றுத் திருப்பியதும் வட்டம் வந்துவிட்டது.

கற்றையின் தரத்தை எமிட்டன்ஸ் என்போம். எலக்ட்ரான்கள் எவ்வளவு அகலத்தில் பரவியிருக்கின்றன, பக்கவாட்டில் எவ்வளவு சிதறி ஓடுகின்றன என்ற இரண்டும் சேர்ந்த அளவு அது. பிசைந்த மாவை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். அதுபோலக் காந்தத்தால் புள்ளியைச் சிறிதாக்கினால் சிதறல் கூடும்.

மூலத்தில் தரத்தைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு. முதலாவது, எலக்ட்ரான்கள் கிளம்பும்போதே சிதறுவது. கேத்தோடின் செம்பிலிருந்து எலக்ட்ரானை வெளியே இழுக்கச் சுமார் 4.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 253 நானோமீட்டர் புற ஊதா லேசர் தருவது 4.9. அந்த மிச்ச ஆற்றலில்தான் அவை கண்டபடி சிதறுகின்றன. இதை மீட்க வழியே இல்லை.

அடுத்தது, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வது. இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தத் தள்ளலில் பெரும்பகுதி ஒழுங்கானது என்பதால், சரியான இடத்தில் வைத்த சோலினாய்டு அதைத் திரும்பக் கூட்டிச் சேர்த்துவிடும். இயற்பியலாளர் புரூஸ் கார்ல்ஸ்டன் 1989-இல் காட்டிய வழி. இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். ஆனால் இதையும் தொடக்கத்திலேயே, கற்றை வேகமெடுத்து வளைந்துகொடுக்காமல் விறைப்பதற்குள் செய்தாக வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டில் உள்ள எல்சிஎல்எஸ் என்ற நேர் முடுக்கி நிலையம் 2009 ஏப்ரலில் 1.5 ஆங்ஸ்ட்ராம் அலைநீள எக்ஸ்-கதிர் லேசரைத் தந்தது இப்படிப்பட்ட செம்புக் கேத்தோடை வைத்துத்தான். ஜப்பானில் உள்ள அதே மாதிரி நிலையமான சாக்லா, கேத்தோடில் லேசரை அடிப்பதையே விட்டுவிட்டது. 3 மில்லிமீட்டர் அகல சீரியம் ஹெக்ஸாபோரைடு படிகத்தை 1,400 டிகிரிக்கு மேல் காய்ச்சி, 500 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான்களை இழுத்தார்கள். அதுவும் 2011-இல் எக்ஸ்-கதிர் லேசராக ஒளிர்ந்தது.