40 பேர் வேலை பார்க்கும் உற்பத்தி நிறுவனத்துக்கு எந்த ஈ.ஆர்.பி மென்பொருள் வாங்கலாம்?

டாலியும் எக்செலும் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம், இனிமேல் முடியாது, பர்ச்சேஸ், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற ஈ.ஆர்.பி-யில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன பொருள் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு கம்பெனிக்காரர்கள் வந்து டெமோ காட்டிவிட்டுப் போயிருப்பார்கள், முதலாளிக்கு அதில் ஒன்று பிடித்திருக்கும், முடிவை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2018-இல் நான் அந்த இடத்தில்தான் இருந்தேன், அதனால்தான் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோயம்புத்தூரில் மோனோபிளாக் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) செய்கிற கம்பெனி, என் மாமாவுடையது. நான் பர்ச்சேஸ் பார்க்கிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஜாப் ஒர்க் சலான், அதாவது வெளிப் பட்டறைக்கு வேலைக்கு அனுப்பும் பொருளோடு போகிற சீட்டு, அந்தக் கணக்கைச் சமாளிக்க முடியவில்லை. வெளியே அனுப்பிய பொருள் 1 வருடத்துக்குள் திரும்பி வரவில்லை என்றால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். அந்தப் பயத்தில் 9 லட்சம் கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினோம். டெமோவில் சைக்கிளை வைத்துக் காட்டினார்கள். ஒரு பிரேம், இரண்டு சக்கரம், ஒரு செயின். ஆர்டரைப் போட்டதும் எது குறைகிறது, எதற்கு பர்ச்சேஸ் ஆர்டர் போட வேண்டும் என்று தானாக வந்து நின்றது. நான்தான் சரி என்று சொன்னேன்.

எங்கள் பிழைப்பு சைக்கிள் மாதிரி இல்லை. இரும்பை உருக்கி வார்க்கிற பவுண்டரியிலிருந்து காஸ்டிங் (வார்ப்பு) கிலோ கணக்கில் வரும், ஸ்டோர்ஸை விட்டுப் போவது எண்ணிக்கையில். அதே பம்பு கேசிங் (பம்பின் வெளிக்கூடு) ஒரு லோடில் 7.8 கிலோ இருக்கும், அடுத்த லோடில் 8.3 இருக்கும். அந்த மென்பொருளில் ஒரு கேசிங் 8 கிலோ என்று ஒரே தடவைதான் பதிய முடியும். ஒரு டன் இறங்கினால் 125 என்று அது எடுத்துக்கொள்ளும், எண்ணிப் பார்த்தால் 120 இருக்கும்.

அப்புறம் ரிஜெக்ஷன். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு 50 கேசிங் கடைசலுக்கு அனுப்பினால் 46 நல்லதாக வரும். மீதி 4-இல் கடைசல் பிடித்த பிறகுதான் உள்ளே ப்ளோ ஹோல் (வார்க்கும்போது காற்று அடைத்து விழுந்த ஓட்டை) இருப்பது தெரியும். அந்த 4 பவுண்டரிக்குத் திரும்பிப் போக வேண்டும், கிலோ விலைக்கு கிரெடிட் வாங்க வேண்டும், கடைசல் கூலி யார் கணக்கில் என்று பேச வேண்டும். ஆனால் நாங்கள் வாங்கியதில், அனுப்பிய 50-ம் வந்துவிட்டது என்று போட்டால்தான் சலான் மூடும். ஸ்டோர்ஸ் அண்ணன் வேறு வழியில்லாமல் 50 என்றே போட்டார்.

அவர் என்னிடம் இரண்டு தடவை வந்து சொன்னார். “தம்பி, கம்ப்யூட்டர்ல 340 காட்டுதுங்க, ராக்குல 190 தானுங்க இருக்குது.” என்ட்ரியை எங்கேயோ தப்பாகப் போட்டிருப்பீர்கள், சரியாகப் பாருங்கள் அண்ணா என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது தடவை நீளமான கணக்கு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இடப்பக்கம் சலான் எண், நடுவில் போனது, வலப்பக்கம் வந்தது. ரிஜெக்ட் ஆனது சிவப்பு மையில், பவுண்டரி திருப்பி எடுத்ததும் அந்தச் சிவப்பின் மேல் ஒரு டிக். 22 வருடமாக அப்படித்தான் எழுதுகிறார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2019 மார்ச், பம்புக்கு நல்ல சீசன். ஒரு டீலரிடமிருந்து 300 பம்பு ஆர்டர் வந்தது. 340 கேசிங் கையில் இருக்கிறதே என்று காஸ்டிங்குக்கு ஆர்டர் போடவில்லை. 190 பம்போடு அசெம்பிளி நின்றுவிட்டது. சீசனில் பவுண்டரிக்காரரிடம் நினைத்தவுடன் காஸ்டிங் கிடைக்காது, மூன்று வாரம் ஆனது. டீலர் மீதியை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார், அடுத்த சீசனுக்கு எங்கள் பக்கம் வரவே இல்லை.

மென்பொருள் மேல் பழி போடாதே, நீங்கள் அதை அமைத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த விதம், இம்ப்ளிமென்டேஷன்தான் சரியில்லை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஐட்டம் பட்டியலே குப்பையாக இருந்தது. 6203 பேரிங் மட்டும் ஐந்து பெயரில் இருந்தது. இரண்டு பக்கமும் தகடு வைத்த இசட்.இசட் வேறு, ரப்பர் சீல் வைத்த 2 ஆர்.எஸ் வேறு. வெறும் 6203 என்று போட்டால் எதைச் சொல்கிறோம்? ஆனால் பணம் வாங்குவதற்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும் இல்லையா?

அதற்குப் பிறகு 8 மாதம் அண்ணனின் நோட்டுக்கே திரும்பினோம். அவரும் நானும் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து 4,100 ஐட்டத்தை 1,700 ஆகக் குறைத்தோம். அடுத்த தடவை டெமோவுக்கு அவரையே முன்னால் உட்கார வைத்தேன். எங்கள் கேசிங், எங்கள் சலான், அந்த 4 ரிஜெக்ட், இதைப் போட்டுக் காட்டுங்கள், அண்ணன் சரி என்றால் மற்றதைப் பேசலாம் என்றேன். மூன்று பேர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் வைத்தோம். அது திறமூல மென்பொருள், லைசென்ஸுக்குக் காசு இல்லை. ஆனால் அமைத்துக் கொடுப்பவருக்கும் சர்வருக்கும் செலவு உண்டு, இலவசம் என்று நினைத்து இறங்காதீர்கள். உங்களுக்கு ஓடூ, சாப் பிசினஸ் ஒன் மாதிரி வேறு மென்பொருள் பொருந்தலாம், அவற்றை வைத்திருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. லோடு வாரியாகக் கிலோவையும் எண்ணிக்கையையும் தனித்தனியாகப் பதிய முடிய வேண்டும், ரிஜெக்ட் தனி இடத்தில் நிற்க வேண்டும், எந்தப் பட்டறையில் எத்தனை நாளாக எது கிடக்கிறது என்று தெரிய வேண்டும். நான் பார்ப்பது இவ்வளவுதான்.

ஈ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவது) வரும், எடிட் லாக் (கணக்கில் எதை எப்போது மாற்றினோம் என்ற பதிவு) இருக்கிறது என்பதையெல்லாம் பெரிதாகச் சொல்வார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடி விற்றுமுதலைத் தாண்டினாலே ஈ-இன்வாய்ஸ் கட்டாயம். கம்பெனிச் சட்டத்தில் பதிந்த நிறுவனங்களுக்கு எடிட் லாக் 2023 ஏப்ரலிலிருந்தே கட்டாயம். கட்டாயம் என்பதால் எல்லாரும் அதைக் காட்டுவார்கள், அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் மென்பொருளில் தினமும் காலையில் வரவேண்டிய பாக்கி சிவப்பில் வரும். ஒரு பெரிய பிராண்டுக்கு அவர்கள் பெயரில் பம்பு செய்து கொடுக்கிறோம். சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டமே சொல்கிறது. தராவிட்டால் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்டலாம் என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் விதி வந்துவிட்டது. இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? சரக்கை இறக்கி வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்ஷன் முடியவில்லை என்று தேதியைத் தள்ளுகிறார்கள். நான் பவுண்டரிக்காரருக்குச் சனிக்கிழமை பணம் கொடுத்தே ஆக வேண்டும், அவரும் என்னை மாதிரி சின்ன ஆள். எந்த மென்பொருள் வாங்கினாலும் இது தீராது, அது வேறு வருத்தம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர்ஸ்காரரோடு போய் ஏதாவது 50 ஐட்டத்தை நீங்களே எண்ணுங்கள். எக்செலில் இருப்பதும் ராக்கில் இருப்பதும் எத்தனை ஐட்டத்துக்கு ஒத்துப்போகிறது, என்ன பொருள் செய்கிறீர்கள், இந்த இரண்டையும் எழுதுங்கள். அப்புறம் பெயர் சொல்கிறேன்.