புரதமும் மருந்து மூலக்கூறும்: கணினி எவ்வளவு தூரம் சொல்லும்?

கேள்வி (முதுகலை மாணவி): மருந்து மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்க்கும் டாக்கிங் செய்யும்போது கணினி எதைக் கணக்கிடுகிறது, ஐயா?

பதில்: புரதத்தின் குழிவான பகுதிக்குள் சிறு மூலக்கூறை ஆயிரக்கணக்கான நிலைகளில் திருப்பியும் மடக்கியும் வைத்துப் பார்த்து, வடிவப் பொருத்தம், ஹைட்ரஜன் பிணைப்பு, நீர்வெறுக்கும் பகுதிகளின் நெருக்கம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண் இடுகிறது. 1982-இல் கலிபோர்னியாவில் குன்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட முறை இரண்டையும் விறைப்பானவையாகவே கருதியது. 2010-இல் வந்த ஆட்டோடாக் வினா (Vina) என்னும் நிரலில் சிறு மூலக்கூறு தன் பிணைப்புகளில் சுழலும். புரதம் பெரும்பாலும் அசையாது.

கேள்வி (ஆய்வு மாணவர்): நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராபோலைடை எச்.ஐ.வி. வைரஸின் புரதங்களை வெட்டும் புரோட்டியேஸ் நொதியுடன் வினா நிரலில் பொருத்தியபோது மதிப்பெண்ணாக ஒரு மோலுக்கு −9 கிலோகலோரி கிடைத்தது (எதிர்க்குறி எண் பெரிதானால் பிணைப்பு வலுவானது). இது மருந்தாகும் என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. மூலக்கூறு எங்கே அமரும் என்பதை டாக்கிங் ஓரளவு நன்றாகச் சொல்லும். எவ்வளவு இறுக்கமாகப் பிணையும் என்பதில் அது பலவீனமானது. அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.4 கிலோகலோரி வேறுபட்டாலே பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறிவிடும்; வினா போன்ற நிரல்களின் வழக்கமான பிழையோ இரண்டு கிலோகலோரிக்கும் மேல். போதாக்குறைக்கு, அணுக்கள் அதிகமுள்ள மூலக்கூறுக்கு மதிப்பெண் தானாகவே கூடும். ஆகவே முதலில், இந்த நொதியைத் தடுக்கும் சாக்வினாவிர் என்ற மருந்து பிணைந்த படிக அமைப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் திரும்பாவிட்டால் உங்கள் அமைப்பையே நம்ப முடியாது. பின்னர், நொதியை உண்மையில் தடுக்கும் மூலக்கூறுகளான தடுப்பான்களையும் அவற்றை ஒத்த போலி மூலக்கூறுகளையும் கலந்து கொடுத்து, நிரல் அவற்றைப் பிரித்தறிகிறதா என்று பாருங்கள். இவ்விரண்டும் இல்லாமல் மதிப்பெண் அட்டவணையோடு மட்டும் வரும் கட்டுரைகளை நான் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை.

கேள்வி: நீர் மூலக்கூறுகளை முதலிலேயே நீக்கிவிடச் சொல்கிறார்களே?

பதில்: அது கண்மூடித்தனமான பழக்கம். தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகளாலான இதே புரோட்டியேஸில், குழியை மூடும் மடல் போன்ற பகுதிகளின் 50-ஆம் இடத்திலுள்ள ஐசோலூசின் அமினோ அமிலங்களையும் தடுப்பானையும் ஒரேயொரு நீர் மூலக்கூறு இணைத்து நிற்கிறது. அதை நீக்கினால் சாக்வினாவிர் போன்றவற்றின் கணக்குப் பிசகும். ஆனால் 1990-களில் ட்யூபான்ட் ஆய்வாளர்கள் வடிவமைத்த வளைய யூரியாச் சேர்மங்கள் அந்த நீரின் இடத்தையே பிடித்துக்கொள்பவை. அவற்றுக்கு நீரை நீக்கத்தான் வேண்டும். வினையூக்க இடத்தின் இரு 25-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலங்களில் ஒன்றுக்குப் புரோட்டான் தருவதையும் மறவாதீர்கள்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): அணுக்களின் அசைவைப் படிப்படியாகக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கவியல் அவசியமா? எங்களிடம் சாதாரணக் கணினியே உள்ளது.

பதில்: மடல்கள் திறந்து மூடுவது உங்கள் கேள்வியில் முக்கியமென்றால் அவசியம். 1977-இல் மெக்கேமன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் 58 அமினோ அமிலங்களுள்ள சிறு புரதத்தை வெற்றிடத்தில் சுமார் 9 பிக்கோ வினாடி இயக்கினார்கள். இன்று படிக்கு 2 ஃபெம்டோ வினாடி என்று வைத்தால் ஒரு மைக்ரோ வினாடிக்கு 50 கோடிப் படிகள் தேவை. நல்ல வரைகலை அட்டையும் இதற்கான இலவச நிரலான குரோமாக்ஸும் இருந்தால் முடியும். இல்லையேல், படிக முறையில் கிடைத்த பல அமைப்புகளில் தனித்தனியாக டாக்கிங் செய்வது எளிய மாற்றுவழி.

கேள்வி: புரத வடிவங்களைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு வந்தபின் இவை தேவையா?

பதில்: 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பு, புரதமும் சிறு மூலக்கூறும் இணைந்த வடிவத்தையே கணித்துத் தருகிறது, பிணைப்பின் வலிமையைத் தருவதில்லை. அந்த வடிவத்தையும் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் தந்த, புரதச் சங்கிலியில் எந்தக் கோணங்கள் சாத்தியம் என்று காட்டும் வரைபடத்தில் இட்டுச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.